ஒரு நாள், ஒரு பெரியவர்

சினாந்தேகா பேருந்தில்
என் பக்கத்துச் சன்னலைச் சாத்துகிறேன்.
பின்சீட்டுக்காரி திறக்கிறாள்.
மறுபடி சாத்துகிறேன்.
மார்ச் மாத மதியம். தார் இளகி டயரில் ஒட்டும் சத்தம்.
"புழுங்கிச் சாகவா?" என்று எழுந்தவள்
கழுத்துவரை ஜிப் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு
உட்கார்ந்துகொள்கிறாள்.
எங்கள் பக்கம்
வெயிலில் கோட்டுப் போட்டவனிடம்
யாரும் காரணம் கேட்பதில்லை.

ஒதிலியா மூட்டைத்துணிக் கடையில்
எடைக்கு வாங்கிவந்த கோட்டு.
வடக்கே எவனோ போட்டுக் கழித்தது.
உள்பையில் ஒரு சீட்டு கிடந்தது:
பனிமலைக்கு ஏற்றும் கம்பி நாற்காலி,
ஒரு நாள், ஒரு பெரியவர்.
படத்தில் ஒருத்தன் சறுக்கிக்கொண்டே சிரிக்கிறான்.
அவன் குளிர் அவனுக்கு வெளியே இருந்தது.
கதவைச் சாத்தினால் போயிருக்கும்.

இங்கே ஆண்கள் வயதைச் சொல்வதில்லை,
கிரியாட்டினினைச் சொல்கிறோம்.
ரெய்மூந்தோ ஒன்பது.
நான் பதினொன்று.
ஒன்று புள்ளி ஆறிலேயே
ஆலை டாக்டர் என் பெயரைச் சிவப்பில் எழுதிவிட்டார்.
அப்புறமும் இரண்டு பருவம் வெட்டினேன்,
ரத்தம் கேட்காத ஒப்பந்தக்காரனிடம்,
செத்துப்போன மச்சானின் அடையாள அட்டையில்.
காலையில் அவன் பெயரைக் கூப்பிட்டால்
நான் கை தூக்குவேன்.
அவனும் இதில்தான் போனான்.

அப்போதெல்லாம் சூடு.
பூட்ஸுக்குள் வியர்வை களுக் களுக்கென்னும்.
எரிந்து கறுத்த தோகைக்கு நடுவே குனிந்தால்
கத்தியின் பிடிகூடச் சுடும்.
குடித்த தண்ணீர் எங்கே போனதென்று
மூத்திரம் வராத அன்றுதான் யோசித்தேன்.

செவ்வாய், வியாழன், சனி.
யாதிரா ஊசி குத்துகிறாள்.
ரத்தம் என்னை விட்டு வெளியே போய்
அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு
ஆறிப்போய்த் திரும்பி வருகிறது.
பல் கிடுகிடுக்கிறது.
"மெஷினில் சூட்டைக் கொஞ்சம் கூட்டேன்."
"கூட்டினால் பிரஷர் இறங்கும், எவெலியோ."
பக்கத்து நாற்காலிக்காரர் தன் போர்வையில் பாதியை
என் காலில் தள்ளிவிடுகிறார்.
அவர் பெயர் இன்னும் தெரியாது.
போன மாதம் அங்கே வேறொருவர் இருந்தார்.

தாகம் தனிக்கதை.
நாளைக்கு அரை லிட்டர், அதற்கு மேல் கூடாது.
ஐஸ்கட்டி சப்பு என்கிறார்கள்.
நடுங்குகிறவன் வாயில் ஐஸ்கட்டி!
ஒதிலியா அதைத் தம்ளரில் கொண்டுவந்து வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் போவாள்.

கட்டிலில் எல்லை பிரித்திருக்கிறோம்.
மின்விசிறி அவள் பக்கம்.
இரண்டு கம்பளி என் பக்கம்.
நடுராத்திரி என் பாதம் தெரியாமல் பட்டால்
திடுக்கிட்டு விழிப்பாள்.
பிறகு, ஈரமான தன் இரண்டு கெண்டைக்கால்களுக்கிடையே
அதை இழுத்து வைத்துக்கொள்வாள்.
கல்யாணமான புதிதில்
"தள்ளிப்படு, அடுப்பு மாதிரி இருக்கிறாய்" என்றவள்.

நேற்று மேற்கு வயலுக்குத் தீ வைத்தார்கள்.
சாம்பல் விழுமென்று கொடியிலிருந்த துணியை ஊரே எடுத்தது.
நான் மட்டும்தான் கிளம்பினேன் என்று நினைத்தேன்.
வாய்க்கால் கரையில் ஏற்கனவே ஏழெட்டுப் பேர்.
ஸ்வெட்டர், தொப்பி,
ஒருவர் மனைவியின் சால்வை.
யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.
கரும்பு பட்பட்டென வெடித்து
சுவர்போல எழுந்தது நெருப்பு.
எங்களைத் தின்ற வயல்தான்.
உள்ளங்கைகளை அதன் பக்கம் நீட்டினோம்.

ரெய்மூந்தோ ஜிப்பை இறக்கி
மார்பைத் திறந்துவிட்டான்.
இரண்டு வருஷத்தில் அவன் தோள்கள்
காதுகளை விட்டு இறங்கி
அன்றுதான் பார்த்தேன்.
நானும் திறந்தேன்.
பழைய மாதிரி, கழுத்துக்குக் கீழே
ஒரு துளி வேர்த்தது.
துடைக்காமல் விட்டேன்.

கரும்புத்தீ நிற்காது.
பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து.
நாளை விடிந்ததும் அந்தக் கரியில் வெட்ட
ஆட்கள் வருவார்கள்,
அதில் ரெய்மூந்தோவின் சின்ன மகனும்.
அவனுக்கு இப்போது
ஒன்று புள்ளி ஒன்று.

அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றோம்.
பிறகு ஒவ்வொருவராக
ஜிப்பை மேலே இழுக்கும் சத்தம்.